விதைக்கு விட்ட புகையிலை

சரவணை,
வைகாசி 1986.

அன்புத் தம்பி வாமதேவனுக்கு அக்கா விமலாம்பிகை எழுதுவது.

எங்கள் அண்ணை விஸ்வலிங்கம் என்னுடைய புகையிலை விதைக் கன்றுகளை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டார். நான் நயினாதீவுக் கோயிலுக்குப் போன வெள்ளிக்கிழமை, எங்கள் இரண்டு வளவுக்கும் இடையில் வேலி பிரிந்துகிடக்கும் பொட்டால் நுழைந்து செய்த வேலை. கிணற்றடியில் ஒன்று மட்டும் தப்பியது. அண்ணையோடு பொறுத்துப் போகச் சொல்லி நீ முந்தி எழுதியதை வாசித்தேன். பொறுக்க மாட்டேன்.

இலையில் புள்ளி இருந்ததுதான் காரணமாம். தங்கச்சி சொறி பிடிச்ச புகையிலைக் கண்டுகளிலை விதை எடுக்கிறாள், ஊருக்கே வருத்தம் பரப்பப் போறாள் என்று தேத்தண்ணிக் கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார். புள்ளி விழுந்த இலையை யாரும் வாங்கமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் அந்தப் புள்ளிகளைப் பனிக்காலம் முழுதும் பார்த்தவள். பூஞ்சணம் தொட்டதும் என் கன்று கண்டுகொள்கிறது. தொட்ட இடத்தைச் சுற்றித் தன் தசையைத் தானே சாகவிடுகிறது. செத்த இடத்தில் பூஞ்சணத்துக்குத் தின்ன ஒன்றுமில்லை. குண்டூசித் தலையளவில் காய்ந்து நின்றுவிடும். கீழிலையில் இப்படி நடந்தபின் மேலிலைகளும் விழித்துக்கொள்கின்றன, அவற்றில் புள்ளி குறைவு. அண்ணையின் கன்றுகளோ வந்தது யாரென்று அறியாமல் பச்சைப்பசேலென்று நின்றன. பிறகு இலையின் அடிப்பக்கம் நரைத்து, தோட்டமே அழுகிப்போனது. வேலியோரம் நின்று பார்த்தேன். கவலைப்படவில்லை.

இப்போது மச்சாள் சீதேவியை அனுப்பி, தப்பிய கன்றில் விதை கேட்கிறார். பிடுங்கினது அவர், கேக்கிறது நீங்களோ மச்சாள் என்று திருப்பி அனுப்பினேன். அழுதுகொண்டு போனா.

ஜேர்மனியில் குளிர் விட்டதோ? எனக்குக் காலில் வீக்கம், வேறு குறையில்லை. ஊர்காவற்றுறைப் பக்கம் வெடிச்சத்தம் ஓயவில்லை. கடிதம் பிந்தினால் பயப்படாதே. அம்மன் உனக்குத் துணை.

இனி நடக்க வேண்டியவை. மருமகன் தில்லைநாதன் அந்த வேலிப் பொட்டைக் கிளுவை நட்டு அடைக்க வேண்டும். மச்சாள் தூது வரக்கூடாது. அண்ணை அதே கடையில், சிரித்த அதே ஆட்களுக்கு முன்னால், பிடுங்கியது பிழை என்று தன் வாயால் சொல்ல வேண்டும். ஐப்பசியில் நாற்றுமேடை போடும்போது அவருக்கென்றும் ஒரு பாத்தி போடுவேன். நடுகைக்குமுன் அவர் சொல்லாவிட்டால், அவர் கண்முன்னே அதைக் கொத்திப் புதைப்பேன். நீ அவருக்கு எழுத வேண்டும். நான் எழுதச் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. நாற்று முற்றமுன் எழுது.

உன் அக்கா,
விமலாம்பிகை.