மீன் விடாத தொட்டி

இன்று காலை லாரித் தண்ணீர் வந்தது. குடங்களை நிரப்பிய பிறகு ஒரு பக்கெட்டை மட்டும் தனியே பிடித்து, மூடாமல் வராந்தாவில் வைத்தேன். குளோரின் வாடை மூக்கில் ஏறியது. எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு, "இன்னா சார், தண்ணிய தொறந்து வெச்சிகினு கீறீங்க? கொசு முட்ட வுடும்" என்றார். வாடை போகட்டும் என்று வைத்திருப்பதாகச் சொன்னேன். "வாட இருந்தாத்தான் சார் அது நல்ல தண்ணி" என்றார். அவர் சொல்வதும் சரிதான். நம் பக்கத்தில் தண்ணீர் நல்லது என்பதற்கு வேறு அத்தாட்சி எதுவும் தரப்படுவதில்லை.

என் வீட்டில் மீன்தொட்டி கிடையாது. அது உன் வீட்டில்தான் இருக்கிறது. ஆனாலும் லாரி வந்தால் என் கை தானாக ஒரு பக்கெட்டைத் திறந்து வைத்துவிடுகிறது. குளோரின் பறந்த பிறகுதான் தொட்டிக்கு ஊற்ற வேண்டும் என்று உன்னோடு சேர்ந்து கற்றுக்கொண்ட கை. மறுநாள் அந்தத் தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் இதற்கு ஒரு சிரிப்புச் சிரித்திருப்பாய். அது இருமலில் முடிந்திருக்கும்.

திருவொற்றியூரிலிருந்து கிளம்பும் ஒரே பஸ்ஸில் போய்ப் போய்ச் சிநேகமானவர்கள் நாம். நீ துறைமுக வாசலில் இறங்குவாய், நான் பாரிமுனைவரை போவேன். நீ நிலக்கரி யார்டில் எடைமேடைக்காரன். நான் சரக்கு ஆபீஸில் கடிதம் எழுதுகிறவன். லாரியில் எவ்வளவு கரி போகிறது என்று உனக்குத் தெரியும், எவ்வளவு போனதாக எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். உன் நெஞ்சுக்குள் எவ்வளவு போயிற்று என்பதை இரண்டு ஆபீஸுமே கேட்கவில்லை.

அதைக் கடைசியில் ஓர் எக்ஸ்ரே சொன்னது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தூசி இல்லாத எடமா பாத்து மாறிப் போயிடுங்க" என்றார். நீ மூச்சை இரண்டு தவணையாக இழுத்துக்கொண்டு கேட்டாய்: "அப்டி ஒரு எடம் கீதா டாக்டர்? இருந்தா அட்ரஸ் குடுங்க." அவர் மருந்து எழுதினார். அவர் மேசைக் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு கறுப்பு படிந்திருந்தது.

பிறகு ஆக்ஸிஜன் மெஷின் வாடகைக்கு வந்தது. மூக்கில் மாட்டிய குழாய் எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவுதான் உன் ஊர்: கட்டில், நாற்காலி, கழிப்பறைக் கதவு. சன்னலைத் திறக்கக் கூடாது. டிவியைப் பார்த்தால் கோபம் வருகிறது, கோபம் வந்தால் மூச்சு வாங்குகிறது என்று உன் வீட்டுக்காரி ஸ்டெல்லா அதை அணைத்துவிட்டாள். அப்படி ஒரு மத்தியானம்தான் நீ போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். திரையில் ஒரு கண்ணாடித் தொட்டி, உள்ளே காடுபோலப் பச்சைச் செடிகள், நடுவே நீலக் கோடு போட்ட சின்ன மீன்கள்.

"மாமு, இத்த பாரு. உள்ள தூசி கீதா?"

"இல்ல."

"நான் மாறிப் போவ முடியாது. அந்த எடத்த இங்க இட்டாந்துடலாம்."

அடுக்களையிலிருந்து ஸ்டெல்லா குரல் கொடுத்தாள். "கேட்டீங்களாண்ணா? குடிக்கிற தண்ணிக்கே லாரி பின்னாடி ஓடிகினு கீறேன், இவருக்குக் கண்ணாடிப் பொட்டில ஊத்தி அழகு பாக்கணுமாம்."

"மொறைக்காத ஸ்டெல்லா. உன்ன பாத்துகினே சாவறதுக்கு மீன பாத்துகினு செத்தா கொஞ்சம் லேட்டாவும்" என்றாய். அவள் சிரிக்கவும் செய்தாள், முந்தானையால் கண்ணைத் துடைக்கவும் செய்தாள். உங்கள் குடும்பத்தில் இரண்டும் ஒரே சமயத்தில் நடப்பது வழக்கம்.

வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் கொளத்தூருக்குப் போனேன். தொட்டி, விளக்கு, ஃபில்டர், செடிக்கென்று விற்கும் கறுப்பு மண், ஈரத்துணியில் சுற்றிய செடிகள், எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். நடுவதை நீயே செய்வதாகச் சொன்னாய். கால் தொட்டிக்குத் தண்ணீர் விட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி நீளச் சாமணத்தால் ஒவ்வொரு செடியாக மண்ணில் செருகினாய். நீ ஒன்றைச் செருகுவதற்குள் முன்பு செருகியது மிதந்து மேலே வரும். "இது இன்னாடா, நம்ம கட்சிக்காரன் மாதிரி எங்க நட்டாலும் நிக்க மாட்டேங்குது" என்று திட்டிக்கொண்டே மறுபடி செருகுவாய். மண் கலங்காமல் இருக்க ஒரு சாப்பாட்டுத் தட்டை உள்ளே வைத்து அதன்மேல் மீதித் தண்ணீரை ஊற்ற வேண்டும். கிறிஸ்துமஸ் விருந்துக்கென்று ஸ்டெல்லா எடுத்து வைத்திருந்த பீங்கான் தட்டு அதற்குப் போயிற்று. தண்ணீர் நிறைந்து விளக்கைப் போட்டதும் மூன்று பேரும் அதையே பார்த்தோம். ஆக்ஸிஜன் மெஷின் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை தண்ணீரின் மேல் மெல்லிய கறுப்பு ஏடு படிந்திருந்தது. சன்னல் மூடித்தான் இருந்தது. கதவிடுக்கு வழியாகவோ, என் சட்டை வழியாகவோ, எப்படியோ வந்துவிட்டது. நீ அதை வெகுநேரம் பார்த்தாய்.

"என் நெஞ்சுக்குள்ள கீறதும் இதான் மாமு. இன்னா, இத்த எடுத்துர்லாம்."

எடுக்கும் முறையையும் போனில் கற்று வைத்திருந்தாய். செய்தித்தாளில் ஒரு பக்கத்தைத் தண்ணீர்மேல் படிய விட்டு, ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் ஏடு தாளோடு வந்துவிடும். அன்று முதலில் கையில் வந்த பக்கத்தில், நம் பக்கத்துக் காற்று திருப்திகரமாக இருப்பதாக ஓர் அதிகாரி தெரிவித்திருந்தார். அந்தச் செய்தியின் மேல் கறுப்பு முழுவதும் ஒட்டிக்கொண்டு வந்தது. வாழ்நாள் முழுக்கப் பத்திரிகை வாசித்தவன் நான். அது உபயோகப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மீன் உடனே விடக் கூடாது என்பது அதற்குப் பிறகுதான் நமக்குத் தெரிந்தது. புதுத் தண்ணீரில் மீன் விட்டால் அதன் கழிவே அமோனியாவாகி அதைக் கொன்றுவிடுமாம். மீன் இல்லாவிட்டாலும் செடிக்குப் போட்ட கறுப்பு மண்ணே அமோனியாவை விடும். அதைத் தின்னும் கிருமிகள் ஃபில்டர் ஸ்பாஞ்சில் வளர வேண்டும், அதற்குப் பல வாரம் ஆகும். கொளத்தூர்க் கடைக்காரர் இதை "தண்ணி செட் ஆவணும்" என்று சுருக்கமாகச் சொன்னார். அமோனியா என்ற பெயரைக் கேட்டதுமே ஸ்டெல்லா மூக்கைப் பொத்திக்கொண்டாள். நம் பக்கத்துக்காரர்களுக்கு அந்த வார்த்தை வேதியியல் பாடத்தில் அறிமுகமானதில்லை, உரத் தொழிற்சாலைக் குழாய் கசிந்த ராத்திரியில் அறிமுகமானது.

அந்த வாரம்தான் டாக்டர் என்னையும் ஸ்டெல்லாவையும் தனியே கூப்பிட்டு, கிறிஸ்துமஸைத் தாண்டினால் பார்க்கலாம் என்றார். உன்னிடம் சொல்லவில்லை. நீ எங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு ஒரே வாக்கியத்தில் முடித்தாய்: "மீன் வுடற வரைக்கும் நான் கீறேன். அப்பாலதான் போவேன்." அதன் பிறகு நாங்கள் உன் மூச்சைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தோம். தினமும் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்ப்போம். அடர்பச்சை என்றால் விஷம், மஞ்சள் என்றால் மீன் விடலாம். பச்சை மெல்ல மெல்ல வெளிறி வந்தது. நீயும் வெளிறிக்கொண்டுதான் வந்தாய். இதில் எது முந்தும் என்பதை எங்களில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் நிறம் ஏறக்குறைய மஞ்சள். நான் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். வீடு புதிதாய் வெள்ளையடித்து மணந்தது. திரைச்சீலை துவைத்து மாட்டியிருந்தது. சாமி சுரூபம் இருக்கும் கூண்டின் கண்ணாடி பளபளத்தது. ஸ்டெல்லா வருஷா வருஷம் குழந்தை யேசு வருவதற்கு முன்னால் வீட்டில் கறுப்பாக இருக்கும் எல்லாவற்றையும் கழுவுகிறவள். தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டேன். அடர்பச்சை. மறுபடி எடுத்தேன். அதே பச்சை.

ஃபில்டரைத் திறந்து பார்த்தால் ஸ்பாஞ்சு பஞ்சுமிட்டாய்போல் வெள்ளையாக இருந்தது.

"கறுப்பா வழவழன்னு கலீஜா இருந்திச்சிண்ணா" என்றாள் ஸ்டெல்லா, என் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே. "லாரித் தண்ணில சோப்புப் போட்டு நல்லா கசக்கி… ஏண்ணா, அது அழுக்குதான?"

அது அழுக்கு இல்லை, இத்தனை வாரமாக நாம் காத்திருந்தது அதற்குத்தான் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நீ சொன்னாய், மெதுவாக, யாரோ ஒருவருடைய கதையைப்போல. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அழாதடி. கரி யார்டுக்காரனக் கட்டிகினு இருபது வருசமா என் சட்டையத் தோச்சவ. கறுப்பப் பாத்தா உன் கை சும்மா இருக்குமா?" என்றாய். பிறகு சிரித்தாய். பிறகு இருமினாய். மெஷினின் அளவை நான் ஒரு திருகு கூட்டினேன்.

மறுநாள் ஸ்டெல்லா என்னைக் கையோடு கொளத்தூருக்கு அழைத்துப்போனாள். கடைக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவர் நல்ல மனிதர். "சார்க்கு நாள் இல்லேன்னா இன்னாத்துக்கும்மா வெயிட் பண்றீங்க? கெட்டியான மீனா ரெண்டு மோலி வுட்டுப் பாருங்க. செத்தா வேற தரேன்" என்றார்.

திரும்பி வந்து உன்னிடம் சொன்னோம். நீ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

"செத்தா வேற தர்றாரா? எங்க யார்டுலயும் அதான் ரூலு."

"வெளையாடாதீங்க" என்றாள் ஸ்டெல்லா. "என்னாலதான் இப்டி ஆயிடிச்சி. நீங்க மீன கண்ணால பாக்காம போனா நான் எப்டிங்க இந்த வூட்ல இருப்பேன்? ஒரே ஒரு நாளு. வுடலாங்க."

நீ தொட்டியைப் பார்த்தபடி பேசினாய். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மெஷினுக்காகக் காத்திருந்தாய். "அமோனியா தண்ணில வுட்டா மீனு மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடும் ஸ்டெல்லா. காத்துக்கு. நான் இங்க வாயத் தொறந்துகினு, எதுத்தாப்புல அது வாயத் தொறந்துகினு… ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துகினு இருக்கச் சொல்றியா? ஆவாத தண்ணில ஒரு உசுர வுட்டுட்டு அப்பால கணக்குப் பாக்கறது, அத்த பண்றதுக்கு ஊர்ல ஆளுங்க கீறாங்க. நாம வேணாம்."

அவள் அதன் பிறகு கேட்கவில்லை. ஸ்பாஞ்சைக் கையால் தொடவும் இல்லை.

பச்சை மறுபடி மெல்ல வெளிறத் தொடங்கியது. கிறிஸ்துமஸ் வந்து போயிற்று. டாக்டரின் கணக்கைத் தாண்டிவிட்டாய் என்று நான் சொன்னபோது, "ஓவர்டைம்" என்றாய். தைக்கு முன் ஒரு மத்தியானம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாய். "ஸ்டூல இப்டி இஸ்து போட்டு குந்து. அந்த எலைய பாரு." விளக்கு வெளிச்சத்தில் இலைகளின் ஓரத்தில் சிறு குமிழிகள் கோத்துக்கொண்டிருந்தன. ஒன்று பிய்ந்து மேலே போயிற்று, அதன் இடத்தில் இன்னொன்று.

"இன்னாது அது?"

"ஆக்ஸிஜன். செடி வுடுது. வாடக இல்ல, கரண்டு இல்ல."

அன்று முழுக்க நாம் அதைத்தான் பார்த்தோம். நீ அவ்வளவு நேரம் எதையும் திட்டாமல் இருந்து நான் கண்டதில்லை. அந்த வாரமே போய்விட்டாய். உன் சொல்லை நீ தவறவிட்டது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மெஷின்காரர்கள் அடக்கத்துக்கு மறுநாளே வந்து மெஷினை எடுத்துப்போனார்கள். வேறொரு வீட்டில் காத்திருக்கிறார்களாம். அது போன பிறகுதான் வீட்டில் ஃபில்டரின் சத்தம் கேட்டது. ஏழாம் நாள் பூசை முடிந்து வந்து, கும்பல் கலைந்ததும், ஸ்டெல்லா குழாயையும் சொட்டு மருந்தையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். நான் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டேன். எலுமிச்சை மஞ்சள். இருவரும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம்.

"ஒரு வாரங்கூட இல்ல, அண்ணா" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போய் வாங்கிகினு வாங்க" என்றாள்.

கடைக்காரர் நீலக் கோடு மீன்களை வலையில் அள்ளிப் பாலித்தீன் பையில் விட்டார். மூலையில் நின்ற சிலிண்டரின் குழாயைப் பைக்குள் நுழைத்துத் திருகினார். பை தலையணைபோல் உப்பியது. ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டிக் கையில் கொடுத்தார். "ஆக்ஸிஜன் ஃபுல்லா வெச்சிருக்கேன் சார். வூடு போய்ச் சேர்ற வரைக்கும் தாராளமா தாங்கும்" என்றார். ஷேர் ஆட்டோவில் அதை மடியில் அணைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு ஒத்துப்போகும்வரை காத்திருந்தோம். ஸ்டெல்லா உன் நாற்காலியில் உட்காரவில்லை, பக்கத்தில் நின்றாள். நான் ரப்பர் பேண்டை அவிழ்த்தேன். பை 'புஸ்' என்று ஒரு மூச்சு விட்டுத் தளர்ந்தது. உள்ளே இருந்த ஆக்ஸிஜன் அவ்வளவும், சன்னல் மூடிய அந்த அறைக்குள், யாருக்கும் தேவைப்படாமல் போயிற்று. மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து செடிகளுக்குள் நுழைந்தன. ஒன்றுகூட மேலே வரவில்லை, ஒன்றும் வாயைத் திறக்கவில்லை. ஸ்டெல்லா அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு மட்டும் அந்தக் காற்று போன சத்தம் இன்னும் நிற்கவில்லை.