துடுப்பு காட்டிக்கொடுத்த கோடு

அடையாறு,
12-7-1997

அன்புள்ள அப்பாவுக்கு,

தெய்வநாயகம் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாளா? நான் நலம்.

ஒரு சின்ன விஷயம், கவலைப்படாதீர்கள். எங்கள் நால்வர் படகு போன மாதம் பந்தயத்தில் தோற்றபோது, பீர் முஹம்மது சரியாகத் துடுப்பு இழுக்கவில்லை என்று கோச்சிடம் சொன்னேன். அவனை அணியிலிருந்து எடுத்துவிட்டு வேறொருவனைச் சேர்த்தார்கள். அப்படியும் படகு வேகம் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை கோச் எங்கள் துடுப்புகளில் விசையை அளக்கும் கருவியைப் பொருத்தினார். கம்ப்யூட்டரில் மற்ற மூவரின் கோடும் துடுப்பு தண்ணீரில் இறங்கியதுமே ஏறியது. என்னுடையது மட்டும் காலால் படகின் மிதிபலகையை உதைத்து முடித்த பிறகுதான் ஏறியது. படகை இழுத்துப் பிடித்தவன் நான்தான், அப்பா.

அன்று மாலையே மயிலாப்பூரில் பீர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"இத்த சொல்லவா நைனா இவ்ளோ தூரம் வந்தே? குந்து, டீ குடி" என்றான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

என் இடத்தை அவனுக்கே கொடுக்கும்படி கோச்சிடம் கேட்டுக்கொண்டேன். புனே போட்டிக்கு அவன்தான் போகிறான். ஊரில் நான் போவதாகச் சொல்லியிருந்தால், உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

யாராவது வந்தால் பருப்புப்பொடி கொடுத்தனுப்புங்கள். நீங்களும் உங்கள் கையால் இரண்டு வரி எழுதுங்கள்.

வாசலில் பீர் சைக்கிள் மணி அடிக்கிறான். உதைக்கும்போதே இழுப்பது எப்படி என்று எனக்குப் பழக்கிவிடுகிறானாம். அவன் முகத்தைப் பார்க்கத்தான் இன்னும் கூசுகிறது. கிளம்புகிறேன்.

உங்கள் மகன்,
தெய்வநாயகம்