மேளத்துக்கு ஆடிய குதிரை

சிதம்பரத்தில் இருக்கும் என் மகளுக்கு,

குதிரையை விற்றால்தான் உன் வாசலில் கால் வைக்கலாம் என்றாய். விற்க மாட்டேன்.

கல்யாண ஊர்வலத்தில் மேளம் கேட்டால் முன்னங்காலைத் தூக்கி ஆட அதைப் பழக்கியவன் நான். மாசி மகத்தன்று கடற்கரைப் பூங்காவில், சவுக்கு மரங்களுக்கு நடுவே உன் மகளை ஏற்றிப் போனபோது சாமியோடு மேளமும் வந்தது. குதிரை மிரளவில்லை, ஆடியது. அவள் விழுந்தாள். அதன் குற்றம் என்ன?

மறுபடி நடப்பாளா என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

நேற்று போனை அவள்தான் எடுத்தாள். “தாத்தா, குதிரைக்கு அடிபட்டுச்சா?” என்றாள்.

“அவருகிட்ட என்னடி பேச்சு? போன வையி!” என்று உன் குரல் கேட்டது. நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டாள்.

குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவளிடம் சொல். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

உன் அப்பா,
கடலூர்