செருபாபேல் வேஷம்

மும்பை,
9-11-1998, திங்கள்.

அன்புள்ள தவமணிக்கு, ஆண்டவர் கிருபையால் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நேற்றைய சபை நாடகத்தில், பாபிலோனிலிருந்து யூதரை ஆலயம் கட்ட அழைத்துச் செல்லும் செருபாபேலாக நடித்தேன். "எருசலேமுக்குப் புறப்படுங்கள்" என்பதற்குப் பதில், "எப்போதும்வென்றானுக்குப் புறப்படுங்கள்" என்று நம்மூர்ப் பெயரைச் சொல்லி முழங்கிவிட்டேன். "அண்ணாச்சி, கோவில்பட்டியில எறங்கி பஸ் மாறணும்லா!" என்று நம்மூர் காசிராஜன் கத்த, சபையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நம்மூர் ஆலயத்துக்கு 29ஆம் தேதி அஸ்திவாரக் கல் வைப்பதாக எழுதியிருந்தாய். முதலாளி 24-12க்கு முன் விடுப்பு இல்லை என்கிறார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சபைப் போதகர் ஐயரவர்களிடம் சொல்: கரிசல் வெடிக்கும் மண், அடியில் சுக்கான்பாறை தட்டும்வரை தோண்டாமல் கல் வைக்கக் கூடாது. அவசரம் வேண்டாம். கிறிஸ்துமஸ் வரை தோண்டினாலும் பாதகமில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன்,
ஞா. தேவசகாயம்