உறைமேல் முகவரி

அனுமந்தன்பட்டி,
5 நவம்பர் 2023

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் முனீஸ்வரி எழுதுவது. இங்கே பெரியம்மா வீட்டில் எல்லாரும் சுகம். மலையில் மழை விட்டதா? எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் போனுக்கு டவர் கிடைக்காததும் நல்லதுக்குத்தான். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில் கடிதம் எழுதச் சொல்வார்களாம். இனி நமக்குள் கடிதம்தான், உங்களுக்கும் கை பழகும். ஜீப் ஓட்டும் கிங்ஸ்லி அண்ணனிடம் கொடுத்து விடுங்கள்.

தனித்தேர்வர் வகுப்பில் நேற்று என் மானம் போச்சு. 'மதி' என்றால் என்ன என்று ரெஹானா டீச்சர் கேட்டார். எழுந்து, "போதும்" என்றேன். ஏலக்காட்டில் வேலை முடிந்ததும் சூப்பர்வைசர் மலையாளத்தில் "மதி, மதி" என்று கத்துவாரே, நமக்குத் தெரிந்தது அதுதானே! வகுப்பே சிரித்தது. நிலாவாம், அறிவாம். பக்கத்தில் உட்காரும் அப்ரின் என்னை 'போதும்' என்றே கூப்பிடுகிறாள்.

எட்டாவதோடு நின்ற புருஷன் பெண்டாட்டி நாம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் பத்து எழுதுகிறோம். பிறகு நீங்கள் ஐ.டி.ஐ., நான் பதினொன்று. பேச்சு மாறக் கூடாது.

அன்புடன்,
முனீஸ்வரி

வண்டன்மேடு,
19 நவம்பர்

அன்பு முனீசு,

மதி கதையைக் காட்டில் சொன்னேன். சூப்பர்வைசரே சிரித்துவிட்டார். இப்போது அவர் மதி என்று கத்தினால் உன் ஞாபகம்தான் வருது.

ஒரு ஆளுக்கு உலை வைக்க எனக்கு வரவில்லை. தினமும் சோறு மிஞ்சுது. நீ இல்லாத வீட்டில் விளக்கைப் போட பிடிக்கவில்லை. நேத்து அடுத்த வீட்டு மாயக்காள் வந்து, "ஏலே பாண்டி, உள்ள யாருகூட பேசுற? முனீசு இங்கன வந்துட்டாளா?" என்று கேட்டாள். உன் கடிதத்தைத்தான் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்காவது வா.

உன்
பாண்டி

அனுமந்தன்பட்டி,
3 டிசம்பர்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி இதோடு வைத்திருக்கிறேன். கோபப்படாதீர்கள். 'விளக்கைப் போட பிடிக்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள், 'ப்' எங்கே மாமா? போடப் பிடிக்கவில்லை! உறைமேல் முகவரியே எழுதவில்லை, அதற்கும் மார்க் உண்டு. அப்ரினும் நானும் உட்கார்ந்து பிழை பார்த்தோம். பத்துக்கு ஆறு போடலாம் என்றாள்.

மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் போட வேண்டும். எட்டாவது சான்றிதழோடு ஒரு நாள் இறங்கி வாருங்கள். பொங்கலுக்கு என்னால் வர முடியாது, வகுப்பு இருக்கிறது.

அன்புடன்,
முனீஸ்வரி

அனுப்புநர்
ச. ஈஸ்வரபாண்டி,
எஸ்டேட் லயம்,
வண்டன்மேடு.

பெறுநர்
திருமதி ஈ. முனீஸ்வரி,
அனுமந்தன்பட்டி.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பொருள்: தேர்வு எழுத இயலாமை – தொடர்பாக.

வணக்கம். தாங்கள் திருத்தி அனுப்பிய கடிதம் கிடைத்தது. அது தேர்வுக்காக எழுதப்பட்டது அன்று. நான் மேற்படி முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். விளக்கைப் போடப் பிடிக்கவில்லை என்பது உண்மை. அதைத் தாங்கள் தங்கள் தோழியுடன் அமர்ந்து படித்ததாக அறிகிறேன். ஆகவே, நான் விண்ணப்பிக்கவில்லை. தாங்கள் நன்கு படித்து மேலே செல்லவும். எனக்கு மதி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. ஈஸ்வரபாண்டி

இடம்: வண்டன்மேடு
நாள்: 17.12.2023

அனுமந்தன்பட்டி,
20 மே 2024

மாமா,

உங்கள் கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. உறைமேல் முகவரிகூட அத்தனை ஒழுங்கு. அதைப் பார்த்துப் பார்த்து அழுதேன். அதற்குப் பிறகு நான் எழுதிய எதற்கும் பதில் இல்லை. பொங்கலுக்கு வகுப்பை விட்டுவிட்டு ஏறி வந்தேன். கதவு பூட்டியிருந்தது. "பாண்டி வேற காட்டுக்குப் போயிட்டான் ஆத்தா, எங்கனன்னு சொல்லல" என்றாள் மாயக்காள்.

பரீட்சையில் வெளியூர் உறவினருக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். உங்களுக்குத்தான் எழுதினேன். திருத்த உட்கார்ந்தது தப்பு, எனக்கும் இங்கே ராத்திரியில் தூக்கம் இல்லை என்று மனசில் இருந்ததை எல்லாம் எழுதிவிட்டேன். எந்த ஊரிலோ யாரோ அதில் சிவப்பு மையால் ஒற்றுப் போட்டிருப்பார். உங்களுக்கு எப்படி வலித்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

நான் பாஸ். பதினொன்றில் சேரப் போகிறேன். ரெண்டு பேராகப் போக நினைத்த இடத்துக்கு ஒற்றையில் போகக் கால் வரவில்லை, ஆனாலும் போவேன். நீங்கள் மதி என்று எழுதினீர்கள். எனக்கு மதியாகவில்லை மாமா.

எஸ்டேட் எஸ்டேட்டாக விசாரித்து இதை உங்களிடம் சேர்ப்பதாகக் கிங்ஸ்லி அண்ணன் சொல்லியிருக்கிறார். உறைமேல் உங்கள் பெயர் மட்டும் எழுதி, கீழே முகவரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.

முனீசு