இரண்டு மெசினும் ஒரு வேலியும்

11.3.1974, வேலணை

இவர் லீவு முடிஞ்சு காலை பஸ்ஸிலை கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டார். போகேக்கை படலையடியில் நிண்டு சொன்னது: "சிவயோகம், போன வருசம் போல இந்த முறையும் மிளகாய் கைவிட்டால், தோட்டத்தைக் குத்தகைக்குக் குடுத்திட்டு நீர் என்னோடை வந்திரும். வெள்ளவத்தையிலை ஒரு அறை பார்த்து வைச்சிருக்கிறன்."

அறை! சீதனமாக வந்த தோட்டம், நானே கொத்தி நானே நட்டது. அதை விட்டிட்டு ஆரின்ரையோ வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதோ? ஏலாது. மிளகாய் கைவிடாது. விடமாட்டன்.

17.3

புது மண்ணெண்ணெய் மெசின் கிணற்றை நல்லாய் இறைக்குது. துலா மரத்திலை ஏறி மிதிச்சு இறைச்ச காலத்தில் மத்தியானம் ஆகும். இப்ப வெயில் ஏற முதலே பாத்தி முழுக்க நனைஞ்சிடுது. நனைஞ்ச பிறகும் நிப்பாட்ட மனமில்லை. காரணம் எழுத வெட்கம் — வேலிக்கு அங்காலை அம்பிகை அக்காவின்ரை மெசின் இன்னும் ஓடுது. அவ நிப்பாட்டாமல் நான் நிப்பாட்டுறதோ?

அவவும் நானும் கதைச்சு ஆறு வருசம். வேலி அடைக்கேக்கை வேலிக்கம்பாக நாலு பூவரசங் கதியாலை என்ரை பக்கம் ஒரு சாண் தள்ளி நட்டவ. கதைக்கிறேல்லையே தவிர, சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறம். நான் என்ரை ஆட்டுக்குச் சொல்லுவன். அவ தன்ரை பசுக்கன்றுக்குச் சொல்லுவா.

29.3

தேத்தண்ணி உப்பாய்ச் சவர்க்குது. இன்னும் ஒரு கரண்டி சீனி போட்டன். அதுக்கும் சவர்.

2.4

மிளகாய் இலை ஓரம் கருகுது. கிணற்றுத் தண்ணியை வாயிலை விட்டுப் பார்த்தன். கடல்தான்.

வேலிக்குக் கேட்க ஆட்டுக்குச் சொன்னன்: "சில சனம் விடிஞ்சால் பொழுதுபட மட்டும் இறைக்குதுகள். ஊர்த் தண்ணியெல்லாம் அதுகளுக்குத்தானாம்."

அங்காலை கன்றுக்குப் பதில் போச்சு: "சிலருக்குத் தன்ரை மெசின் சத்தம் தன்ரை காதிலை விழுகிறேல்லையடி."

வெள்ளவத்தை அறை கண்ணுக்கு முன்னாலை வந்து நிக்குது. பயமாய்க் கிடக்குது.

9.4

சங்கக்கடையில் மண்ணெண்ணெய் இல்லை. நாளைக்கு, நாளைக்கு எண்டுறாங்கள். அங்காலையும் மெசின் சத்தம் இல்லை. மெசின் வந்ததோடை துலாவும் கழட்டியாச்சு. வாளியாலை அள்ளி வாடின செடிக்கு மட்டும் ஊத்தினன். உள்ளங்கை எரியுது.

14.4

வருசப்பிறப்பு. பொங்கல் சவர்க்கேல்லை! தண்ணி நல்லாகியிட்டுது. "இண்டைக்கு இனிக்குதடி, குடி" எண்டு அங்காலை கன்றுக்கும் சொல்லுப்பட்டுது.

16.4

அம்பிகை அக்காவுக்கு எண்ணெய் கிடைச்சிட்டுது. காலமை முழுக்க அவவின்ரை மெசின் ஓடினது. நான் அள்ளினது இரண்டொரு வாளி. பின்னேரம் பார்த்தால் என்ரை கிணறு சவர்!

கோபம் வந்தது. நல்லாய்ப் பேச ஆட்டைத் தேடினன். பிறகு பேசவில்லை. என்ரை மெசின் ஓடின நாளில் அவவின்ரை கிணறும் இப்பிடித்தானே ஆகியிருக்கும்? இரண்டு கிணற்றுக்கும் அடியிலை ஒரே நல்ல தண்ணி, அதைச் சுத்திக் கடல். மெல்ல அள்ளினால் தரும். இழுத்தால் உப்பு ஏறும். தீவிலை பிறந்த எனக்கு இது தெரியாததோ? போட்டியிலை எல்லாம் மறந்துபோச்சு.

17.4

ஆட்டை வேலியடியில் கட்டினன். "ஒரு கிணறு இறைக்க மற்றது ஓயவேணும். ஒரு கிழமை இஞ்சை, ஒரு கிழமை அங்கை. காலமை கொஞ்ச நேரம், இரண்டு தோட்டத்துக்கும். என்ன சொல்லுறாய்?"

ஆடு வேலிக் குழையைக் கடிச்சுது. அங்காலை கன்றுக்குக் கேள்வி போச்சு: "அப்ப தண்ணி எப்பிடியடி வேலி தாண்டும்? பறந்தோ?"

அதுதானே. வாய்க்கால் போகவேணுமெண்டால் வேலியிலை பொட்டு வெட்டி வழி விடவேணும். முதல் கத்தி வைக்கிறவ தோத்தவ. விடாக்கண்டனும் கொடாக்கண்டனும்.

19.4

இன்னொரு வரிசை மிளகாய் பட்டுப்போச்சு.

20.4

கத்தியை எடுத்துக்கொண்டு போனன். வெள்ளவத்தைக்குப் போறதிலும் பார்க்க அம்பிகை அக்காவிட்டைத் தோக்கலாம். அந்த நாலு கதியாலிலைதான் கை வைச்சன். இரண்டைப் பிடுங்கி நிமிர்ந்தால், மற்ற இரண்டையும் அங்காலை ஆரோ இழுக்கினம்.

அந்த இடத்திலை வேலி விழுந்தது. முகத்துக்கு முகம். அவவுக்கு எவ்வளவு நரை!

"என்ன பிள்ளை, இப்பிடி மெலிஞ்சுபோனாய்?" எண்டா.

எனக்கு அழுகை வந்திட்டுது. "காணும், உப்புத்தண்ணி எங்களுக்குப் போதும். வாய்க்காலை வெட்டு" எண்டா.

5.5

வேலிப் பூவரசங்குழையை வெட்டிச் செடியடியிலை பரப்பினம். ஈரம் நிக்குது. பட்டுப்போன பள்ளக்காணியிலை திரும்ப நடவில்லை. மாரி மழைக்குக் கூழுக்கெண்டு குரக்கன் போடலாம், இறைப்புத் தேவையில்லை. கிணறு தாங்கிற அளவுக்குத்தான் இனி மிளகாய்.

கரையொதுங்கிற சாதாளையையும் அள்ளிப் போடவேணும் எண்டு அவ. கடற்பூண்டு, மழையிலை கழுவுப்படாமல் போட்டால் திரும்ப உப்பு எண்டு நான். நல்ல சண்டை. பின்னேரம் கூழ் குடுத்துவிட்டிருந்தா.

26.5

முதல் பழம் ஆய்ஞ்சம். இரண்டு பேரும் இரண்டு தோட்டத்திலையும்.

30.6

நயினாதீவுத் திருவிழாவுக்கு இவர் வந்திருக்கிறார். முற்றத்திலை காயுற மிளகாயைப் பார்த்தபடி நிண்டு, ரெண்டு தரம் தும்மிப்போட்டு, தோட்டத்தை ஒரு சுத்துச் சுத்தினார்.

"வேலிக்கு என்ன நடந்தது?"

"தண்ணி வருது."

குனிஞ்சு வாய்க்காலைப் பார்த்தார். அறைக் கதையை எப்ப எடுப்பார் எண்டு பார்த்துக்கொண்டே மிளகாயைக் கிளறினன். பின்னேரம் தேத்தண்ணியைக் குடிச்சுப் பார்த்து, இன்னொரு கோப்பை கேட்டார். பிறகு மெல்ல, "அறையை விட்டிட்டன். யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு எழுதிப்போட்டன்" எண்டார்.

சிரிப்பு வந்ததைக் காட்டிக்கொள்ளேல்லை. "மண்ணெண்ணெயை நம்பேலாது, துலா திரும்பப் பூட்டப்போறம். மிதிக்கத் தெரியுமோ உங்களுக்கு?" எண்டு கேட்டன்.

இவர் வாய் திறக்க முதல் பொட்டாலை அம்பிகை அக்காவின்ரை குரல்: "தெரியாட்டிலும் வரட்டும். பழக்கி எடுக்கலாம்."

இவர் கோப்பையை வைச்சிட்டு, வேலிப் பக்கம் திரும்பி, "ஓம் அக்கா" எண்டார்.