நாட்டுப் பொன்னாங்கண்ணி ஒரு கட்டு

எட்டு மாத ஆலோசனைக்குப் பிறகு, இன்று காலை ஏழே காலுக்கு, சத்திரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தையில், ஒரு கட்டுப் பொன்னாங்கண்ணிக் கீரை வாங்குவதென்று முடிவெடுத்தேன். ஓய், நீர் போய்ச் சேர்ந்த பிறகு இந்தக் கீரை எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. வீட்டில் கட்டைப் பிரித்ததும் ஈர மண் வாசனை வந்தது. கூடவே நீரும் வந்தீர், தடித்த கண்ணாடியோடு.

ஒரே கல்லூரியில் நீர் உயிர்வேதியியல் நடத்தினீர், நான் தமிழ். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டுவோம். வருகிற பஸ்ஸின் நம்பரை நான்தான் உமக்கு வாசித்துச் சொல்ல வேண்டும். கிட்டப்பார்வை முற்றினால் கண்விழி நீண்டு, உள்ளே விழித்திரை இழுபட்டு, அதன் செல்கள் நலிந்துபோகும் என்று பாலம் முடிவதற்குள் சொல்லி முடித்துவிடுவீர். அந்தச் செல்களைக் காக்கும் பொருள் கீரையில் இருக்கிறதா என்பதுதான் உம் ஆராய்ச்சி. ஆய்வகத் தட்டில் செல்களை வளர்த்து, அவற்றை வாட்டி, பொன்னாங்கண்ணிச் சாறு கொடுத்துப் பார்த்தீர். பிழைத்தன.

அப்போது என் பெண் எட்டாம் வகுப்பு. போர்டு தெரியவில்லை என்று முதல் பெஞ்சுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கேயும் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினாள். டாக்டர் எழுதிக் கொடுத்த கண்ணாடிச் சீட்டை பீரோவில் பத்திரப்படுத்திவிட்டு, உம்மிடம் ஒரு சின்ன பாட்டில் சாறு கேட்டேன்.

“ஓய், தட்டுல இருக்கிற செல்லுக்குப் போர்டு கிடையாது, பரீட்சையும் கிடையாது. உம்ம பொண்ணுக்கு ரெண்டும் இருக்கு. கண்ணாடி வாங்கும்.”

நான் தளரவில்லை. கீரையை நானே வாங்கி, நிழலில் உலர்த்தி, பொடியாகவே தருகிறேன் என்று முன்வந்தேன். சேவை செய்தால் பாட்டில் கிடைக்கும் என்று நினைப்பு. முதல் கட்டை மட்டும் தாவரவியல்காரரிடம் காட்டிச் சான்று வாங்கினீர். மற்ற கட்டுகளுக்கு நானே சான்று. இப்படி மூன்று மாதம்.

ஒருநாள் இருவரும் சேர்ந்து சந்தைக்குப் போனோம். கீரைக்காரம்மா கேட்டார்: “வழக்கம்போல சிவப்பு சீமைப் பொன்னாங்கண்ணிதானா சார்? நாட்டுப் பொன்னாங்கண்ணியும் வந்திருக்குங்க.”

உம் ஆராய்ச்சிக்கு வேண்டியது நாட்டு ரகம்; சீமை வேறு செடி. நீர் என்னைப் பார்த்தீர்.

“சிவப்புல சத்து ஜாஸ்தியா இருக்கும்னு நினைச்சேன்.”

“எத்தனை நாளா?”

“ரெண்டாவது கட்டுலேர்ந்து.”

வேறு யாராவதென்றால் என்னைக் காவிரியில் தள்ளியிருப்பார்கள். நீர் அங்கேயே நின்று சிரித்தீர், காரணம் தெரியாமல் கீரைக்காரம்மாவும் சிரிக்கும் அளவுக்கு. வெளியிடத் தயாராக இருந்த கட்டுரையை அன்றே ஒரு கோடு போட்டு அடித்தீர். பிறகு சொன்னீர்: “என்ன கொடுத்தோம்னு எனக்கே தெரியலை. இதைத்தான் குழந்தைக்குக் கேட்டீரா ஓய்?”

அன்று மாலை பீரோவைத் திறந்தேன். கண்ணாடிக் கடைக்கு நீரும் வந்தீர். உம்முடையதைப் போலவே ஒரு தடித்த கறுப்பு ஃபிரேமைத் தேர்ந்தெடுத்தீர். பெண் ஒரே பார்வையில் நிராகரித்தாள்.

நீர் நாட்டுப் பொன்னாங்கண்ணியோடு முதலிலிருந்து ஆரம்பித்தீர். மாரடைப்பு வந்த வாரமும் அதே வேலைதான். இந்த முறை செல்கள் பிழைத்தனவா என்று எனக்குத் தெரியாது.

இப்போது எந்தக் கீரையானாலும் பெயரை இரண்டு முறை கேட்டு, சீட்டில் எழுதி, கட்டுக்குள் செருகிக்கொள்கிறேன். என்னைக் கண்டால் கீரைக்காரர்கள் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இன்று வாங்கியது நாட்டு ரகம். பொரியல் செய்து சாப்பிட்டோம்.

பெண் இப்போது பிளஸ் ஒன். கண்ணாடி மைனஸ் இரண்டரை. கடைசி பெஞ்சில் உட்காருகிறாள்.